பகடை பேச வேண்டிய இடம்

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். மேசைமீது சில தாள்கள், பென்சில்கள், பல முகங்கள் கொண்ட பகடைகள். அவர்களுள் ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைப் பாத்திரத்தை ஏற்றவர்கள். நடுவர் ஒரு சூழலை வாய்மொழியாக விவரிக்கிறார்: இடிந்த கோட்டை, மழை, பூட்டிய கதவு. 'என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்கிறார். ஆட்டக்காரர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்கிறார். சொன்னது நடந்ததா இல்லையா என்பதைச் சில வேளை நடுவர் தாமே தீர்மானிக்கிறார். சில வேளை பகடையை உருட்டச் சொல்கிறார். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டத்தை உலகறியச் செய்த விதிநூல். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் அதன் ஆசிரியர்கள். அதன்பின் வந்த விதிநூல்களுக்குக் கணக்கில்லை.

இத்தகைய நூல்களை இலக்கியப் பக்கங்களில் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஒருவர் எழுதப் பலர் படிப்பதே கதை என்று பழகியவர்கள் நாம். ஆனால் பலர் கூடிப் பேசிப் பேசியே உருவாக்குகின்ற, முடிவு எவருக்கும் முன்கூட்டித் தெரியாத கதைக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தில் நம்மை மிகவும் ஈர்ப்பது ஒரே ஒரு சிக்கல்: பகடையை எப்போது உருட்டுவது?

பூட்டிய கதவையே எடுத்துக்கொள்வோம். 'என் பாத்திரம் பூட்டைத் திறக்கிறது' என்கிறார் ஆட்டக்காரர். 'உருட்டுங்கள்' என்கிறார் நடுவர். பாத்திரத்தின் ஏதேனும் ஒரு திறமையை இவ்வாறு பகடையால் பரிசோதிப்பதைத் திறன் சோதனை என்பர். 20 முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூற்றுக்கு 40 வாய்ப்பு. 4 விழுகிறது. கதவு திறக்கவில்லை. 'நான் முயன்று பார்க்கிறேன்' என்கிறார் அடுத்தவர். 9 விழுகிறது. மூன்றாமவர் கை நீட்டுகிறார். ஐவர் ஆளுக்கொரு முறை உருட்டினால், அவர்களுள் ஒருவரேனும் வெற்றி பெறுவதற்கு நூற்றுக்கு 92 வாய்ப்பு உண்டு. ஆக, கதவு பெரும்பாலும் திறக்கத்தான் போகிறது. வீணான சில நிமிடங்களைத் தவிர அங்கே எதுவும் நிகழவில்லை. தப்பித் தவறித் திறக்காமற் போனாலோ நிலைமை இன்னும் மோசம். கதை கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. நடுவர் திண்டாடி, பக்கத்துச் சுவரில் இல்லாத சன்னல் ஒன்றைப் புதிதாகப் புனைய வேண்டியிருக்கிறது.

பகடையைக் கையில் எடுப்பது ஒரு வாக்குக் கொடுப்பது என்று நாம் கருதுகிறோம். விழுவது எதுவாயினும் அதையே கதையாக ஏற்போம் என்று நடுவர் உட்பட அனைவரும் அக்கணத்தில் உடன்படுகின்றனர். அவ்வாக்கைக் காக்க முடியாத இடத்தில் பகடைக்கு வேலையில்லை. அதே கதவுக்கு முன்னால் அவர்கள் நிற்கும்போது பின்புறத்து நடைவழியில் காவலரின் காலடியோசை கேட்கிறது என்றால் நிலைமை மாறுகிறது. இப்போது ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம். திறந்தால் தப்பலாம், திறக்காவிட்டால் திரும்பி நின்று எதிர்கொள்ள வேண்டும். இரண்டுமே கதை. பூட்டு மாறவில்லை, திருடனின் திறமையும் மாறவில்லை. ஆயினும் முன்பு வெறும் ஓசையாக இருந்த பகடை இப்போது மேசையில் உள்ள அனைவரின் மூச்சையும் பிடித்து நிறுத்துகிறது.

இக்கேள்வி 1974-இல் பிறந்ததன்று. பிரஷிய இராணுவ அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிவைத்த போர்ப்பயிற்சி விளையாட்டைத் திருத்தி 1824-இல் விதிநூலாக வெளியிட்டார். நிலப்படத்தின்மீது படைக்கட்டைகளை நகர்த்துவர். ஒரு சுற்று என்பது 2 நிமிடப் போர். துப்பாக்கிச் சூட்டின் விளைவைப் பகடையும் அட்டவணையும் சொல்லும். போரில் தற்செயலுக்கு இடமுண்டு. அதை அதிகாரிகள் உணரவேண்டும் என்பது அதன் நோக்கம். நாளடைவில் அட்டவணைகள் பெருகின. ஆட்டம் நத்தையாய் ஊர்ந்தது. 1876-இல் யூலியுஸ் ஃபான் வெர்டி டு வெர்னுவா என்ற மற்றொரு பிரஷிய அதிகாரி வேறு வழியை முன்வைத்தார். போர்க்களத்தை நேரில் கண்ட அனுபவசாலி நடுவராக இருக்கும்போது அட்டவணை எதற்கு? அவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். பகடையா, நடுவரின் பகுத்தறிவா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. இன்றுவரை அதில் தீர்ப்பு வரவில்லை; வராததும் நல்லதே.

போர் விளையாட்டில் ஈடுபாடு கொண்ட அமெரிக்க இளைஞர்கள் வழியாக இவ்வழக்கு புதிய வடிவம் பெற்றது. டேவிட் வெஸ்லி என்பவர் மினசோட்டாவில் 1969-இல் நடத்திய ஓர் ஆட்டத்தில், படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு தனிமனிதப் பாத்திரத்தைக் கொடுத்தார். அங்கிருந்து வந்தவர்தான் ஆர்னசன். 1974-இன் மூன்று சிறு நூல்களில் சண்டைக்குப் பகடை உண்டு. மறைகதவைக் கண்டுபிடிப்பது, கதவில் காது வைத்துக் கேட்பது போன்ற சிலவற்றுக்கும் உண்டு. மற்றபடி ஆட்டம் பேச்சால் நடந்தது. தரையில் பொறி இருக்கிறதா என்று ஐயுற்றவர் நீண்ட கழியால் தட்டிப் பார்ப்பதாகச் சொல்வார். தண்ணீரை ஊற்றி எங்கே வடிகிறது என்று கவனிப்பதாகச் சொல்வார். கேள்வியின் கூர்மைக்கு ஏற்ப விடை கிடைக்கும்.

அடுத்த ஆண்டே, 1975-இல், 'கிரேஹாக்' என்ற துணைநூல் திருடன் என்ற புதிய பாத்திர வகையைக் கொண்டுவந்தது. ஓசையின்றி நடக்க இத்தனை விழுக்காடு, நிழலில் மறைய இத்தனை விழுக்காடு என்று எண்கள் தாளில் ஏறின. நன்மை நோக்கிச் செய்த ஏற்பாடுதான். ஆனால் எண் ஒன்று எழுதப்பட்டவுடன் அது வேலி போடத் தொடங்குகிறது. நேற்றுவரை எவரும் 'காலணியைக் கழற்றிவிட்டு மெல்ல நடக்கிறேன்' என்று சொல்லலாம். இன்று அது திருடனின் தனியுரிமை ஆயிற்று. திருடனும் காலணியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுத் தாளைப் பார்க்கத் தொடங்கினான். 'ட்ராவலர்' (1977), 'ரூன்க்வெஸ்ட்' (1978) ஆகியவை திறன்களின் பட்டியலைப் பாத்திரத்தின் முதுகெலும்பாகவே ஆக்கின. பேச்சு குறைந்தது என்று முதிய ஆட்டக்காரர்கள் வருந்துவதில் உண்மை உண்டு.

ஆயினும் அவ்வருத்தத்தை நாம் முழுமையாகப் பகிர்ந்துகொள்ள இயலாது. மேசையைச் சுற்றி அமர்வோர் எல்லாரும் நாவன்மை உடையவர்களா? கூச்சம் மிகுந்த ஒருவர், அரசவையையே சொல்லால் மயக்கும் தூதுவராக ஆட விரும்புகிறார். அவர் தடுமாறிப் பேசியதை வைத்துத் தூதுவர் தோற்றார் என்று நடுவர் தீர்ப்பளித்தால் அது கொடுமை. பாறையைத் தூக்கும் வீரனாக ஆடுபவரை எழுந்து மேசையைத் தூக்கச் சொல்கிறோமா? மேலும், நடுவரும் மனிதர். வாயாடி நண்பனின் திட்டமெல்லாம் அவருக்கு நடக்கக்கூடியதாகத் தோன்றும். மெல்லிய குரலில் சொல்லப்பட்ட நல்ல யோசனை அவர் காதில் ஏறாமலே போகும். முகம் பார்க்காத நீதி ஒன்று மேசையில் வேண்டும். 20 முகங்களில் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு 5 என்ற சமநீதி பகடையிடம் உண்டு. பகடையே வேண்டாம் என்போர் பெரும்பாலும் பேச்சில் வல்லவர்களாக இருப்பது தற்செயலன்று என்பது நம் ஐயம்.

ஆகவே எதைப் பேச்சுக்கு விடுவது, எதைப் பகடைக்கு விடுவது என்ற பிரிவினையில்தான் நடுவரின் கலை இருக்கிறது. தூதுவர் என்ன கேட்கிறார், பதிலுக்கு என்ன தர முன்வருகிறார் என்பதை ஆட்டக்காரர் திக்கித் திணறியாவது சொல்லட்டும். அதைப் பகடையால் பெற முடியாது. கேட்ட அரசனுக்கு அது பெரு நன்மை என்றால் அவன் இசைவான், உருட்டத் தேவையில்லை. தன் மகளைக் கொன்றவனுக்கு மன்னிப்புக் கேட்டால் இசையமாட்டான். அங்கும் உருட்டத் தேவையில்லை. அரசன் ஊசலாடும் நிலையில்தான் தூதுவரின் திறமைக்கு வேலை.

2000-இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்றாம் பதிப்பு எல்லாத் திறன் சோதனைகளையும் ஒரே விதியின்கீழ்க் கொண்டுவந்தது: 20 முகப் பகடையை உருட்டு, திறமையின் எண்ணைக் கூட்டு, கடினத்தின் எண்ணை எட்டினால் வெற்றி. தெளிவான விதி. ஆனால் அதே நூலில் அடக்கமாக அமர்ந்திருக்கும் இரண்டு துணைவிதிகளே நமக்கு அதிகம் பிடித்தவை. நெருக்கடி இல்லாதபோது உருட்டாமலே 10 விழுந்ததாகக் கொள்ளலாம். தோல்வியால் இழப்பில்லை, நேரமும் வேண்டிய மட்டும் உண்டு என்றால் 20 மடங்கு நேரம் செலவிட்டு 20 விழுந்ததாகவே கொள்ளலாம். நம் பூட்டிய கதவுக்கு விடை இங்கேயே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின் நடுவர் கையேடோ, தோற்றால் பொருட்படுத்தத்தக்க விளைவு இருந்தால் மட்டுமே உருட்டச் சொல் என்று வெளிப்படையாகவே அறிவுறுத்துகிறது. அறிவுரை இருந்தும் பல மேசைகளில் பழக்கம் மாறுவதில்லை. கையில் இருக்கும் பகடை அரித்துக்கொண்டே இருக்கும் போலும்.

துப்பறியும் கதையில் இச்சிக்கல் முற்றிவிடுகிறது. சாண்டி பீட்டர்சன் ஆக்கிய 'கால் ஆஃப் கதூலு' (1981) பழைய நூலகங்களிலும் பாழ்மனைகளிலும் தடயம் தேடிச் செல்லும் சாதாரண மனிதர்களின் கதை. மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறன் அதில் பயிற்சி இல்லாதவருக்கு நூற்றுக்கு 25. மேசையின் இழுப்பறையில் கடிதம் இருக்கிறது; பகடை தவறுகிறது; கடிதம் கிடைக்கவில்லை; கதை அங்கேயே செத்துவிடுகிறது. இதை அறிந்த நடுவர்கள் வேறொருவர் வழியாக அக்கடிதத்தைக் கொண்டுவந்து சேர்ப்பர். அப்படியானால் முன்பு உருட்டியது எதற்கு? ராபின் லாஸ் 2006-இல் 'தி எஸோடெரரிஸ்ட்ஸ்' என்ற நூலில் முடிச்சை நேராக அறுத்தார். உரிய திறன் உள்ளவர் உரிய இடத்தில் தேடினால் தடயம் கிடைத்தே தீரும், சோதனை இல்லை. துப்பறியும் கதையின் சுவை தடயம் கிடைக்குமா என்பதில் இல்லை, கிடைத்த தடயங்களை எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது என்பது அவர் வாதம். 2008-இல் வந்த 'ட்ரெயில் ஆஃப் கதூலு' இம்முறையைப் பழைய திகில் உலகத்துக்கே கொண்டுசென்றது. தப்பி ஓடுதல், சுடுதல், மனம் பேதலியாமல் காத்தல் ஆகியவற்றுக்கு மட்டும் பகடையை வைத்துக்கொண்டது. இது சரியான பிரிவினை என்றே சொல்வோம். ஒரு குறை மட்டும் உண்டு: தேடினால் கிடைக்கும் என்ற உறுதி வந்தபின், இருட்டறையில் இழுப்பறையைத் திறக்கும் கையின் நடுக்கம் சற்றுக் குறைந்துவிடுகிறது.

இத்துறையின் நூல்களில் நம்மை நெடுநேரம் நிறுத்திவைப்பது வின்சென்ட் பேக்கரின் 'டாக்ஸ் இன் த வின்யார்ட்' (2004). 1980-களில் அமெரிக்காவின் சில கிறிஸ்தவக் குழுக்கள் இவ்வகை ஆட்டங்களைப் பேய் வழிபாட்டோடு முடிச்சிட்டு எதிர்த்ததுண்டு. அந்தப் பழைய வழக்கை இங்கே கிளறப் போவதில்லை. ஆனால் சமய மனச்சான்றையே கருப்பொருளாகக் கொண்ட ஆட்டம் ஒன்று இவ்வளவு கனத்துடன் எழுதப்பட்டிருப்பதைச் சொல்லாமலும் இருக்க முடியாது. மார்மோன் குடியேற்றங்களை நினைவூட்டும் ஒரு கற்பனை மேற்குநாடு. அங்கே ஊர் ஊராகச் சென்று, பாவத்தை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் பெற்ற இளைஞர்களும் இளம்பெண்களுமே பாத்திரங்கள். ஒருவரின் செருக்கில் தொடங்கி, அநீதியாய், பாவமாய், பொய்ப்போதனையாய் வளர்ந்து கொலையில் முடியும் ஏணியாக ஒவ்வோர் ஊரின் சிக்கலையும் நடுவர் அமைக்கிறார்.

இந்நூல் நடுவருக்கு இடும் கட்டளை சுருக்கமானது. ஆட்டக்காரர் கேட்பதற்கு இசைந்துவிடு. இசைய மனமில்லை, எதிர்ப்பவர் இருக்கிறார் என்றால் பகடைக்கு விடு. இடைப்பட்ட வழி கிடையாது. ஊரின் இரகசியங்களை நடுவர் பூட்டிவைக்கவும் கூடாது. அவை வெளிவந்தபின் என்ன செய்வாய் என்பதுதான் ஆட்டம். மோதல் என்று வந்துவிட்டால் இரு தரப்பும் கைநிறையப் பகடைகளை உருட்டி, விழுந்த எண்கள் எல்லாருக்கும் தெரியும்படி மேசையிலேயே வைத்துக்கொள்கின்றன. ஒருவர் இரண்டு பகடைகளை முன்னே தள்ளி ஒரு சொல்லையோ செயலையோ முன்வைக்கிறார். மற்றவர் தம் பகடைகளால் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஈடுகொடுக்க முடியாதபோது விட்டுக்கொடுக்கலாம். அல்லது பேச்சிலிருந்து கைகலப்புக்கும், அதிலிருந்து துப்பாக்கிக்கும் ஏறலாம். ஒவ்வொரு படிக்கும் புதிய பகடைகள் கிடைக்கும். பேச்சால் பட்ட காயத்துக்கு 4 முகப் பகடை. துப்பாக்கியால் பட்டதற்கு 10 முகப் பகடை.

இங்கே பகடையின் கேள்வியே மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். உன்னால் முடியுமா என்று அது கேட்கவில்லை. இதற்காக எவ்வளவு தூரம் போவாய் என்று கேட்கிறது. தவறு செய்த தம்பியிடம் பேசிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனுக்குப் பகடைகள் தீர்ந்துபோகின்றன. இடுப்பிலே துப்பாக்கி இருக்கிறது. அதை எடுத்தால் வெற்றி உறுதி என்பது எண்களிலேயே தெரிகிறது. எடுப்பதா? விதிநூல் அவனைத் தடுக்காது, தூண்டவும் செய்யாது. இன்னொன்றும் உண்டு: அவ்விளைஞர்களின் தீர்ப்புச் சரியா தவறா என்று நடுவர் சொல்லக்கூடாது. பகடையும் சொல்வதில்லை. யார் விட்டுக்கொடுத்தார், என்ன விலை கொடுத்தார் என்பதோடு அது வாய் மூடிக்கொள்கிறது. நன்மை தீமையை அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிட்டு, அதன் விளைவை மட்டும் தற்செயலிடம் ஒப்படைத்த இந்த எல்லைக்கோடு வேறெந்த விதிநூலிலும் இவ்வளவு துல்லியமாகப் போடப்படவில்லை என்று துணிந்து சொல்வோம். ஒரு மோதல் முடிய நெடுநேரம் பிடிக்கிறது என்ற குறை உண்மைதான்.

மற்ற சில முயற்சிகளைத் தொட்டுச் செல்வோம். எரிக் வூய்சிக்கின் 'ஆம்பர்' (1991) பகடையை முற்றிலும் நீக்கியது. பண்புகளை ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே ஏலத்தில் எடுக்கின்றனர், பின்னர் உயர்ந்தவர் வெல்கிறார். துணிவான நூல், ஆனால் நடுவரை எதுவும் திடுக்கிட வைப்பதில்லை. 'ட்ரெட்' (2005) பகடைக்குப் பதில் மரக்கட்டைக் கோபுரம் ஒன்றை மேசையில் நிறுத்துகிறது. ஆபத்தான செயலுக்கு ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் பாத்திரம் கதையிலிருந்து நீங்குகிறது. 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' (2010) இரண்டு 6 முகப் பகடைகளின் கூட்டலில் 10 அல்லது அதற்கு மேல் வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி, அதற்குக் கீழே நடுவர் கடுமையாகக் கதையை நகர்த்தும் உரிமை என்று வகுத்தது. எதுவும் நடக்கவில்லை என்ற விடைக்கே அங்கு இடமில்லை. சிறு செயலுக்கும் உருட்டச் சொல்லும் நடுவரிடம் அகப்பட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு விலையைப் புனைந்து புனைந்தே அவர் களைத்துப்போவார்.

எத்தனை முறை உருட்டுவது என்பதும் எப்போது உருட்டுவது என்பதன் பகுதியே. ஐவர் ஒரு முகாமைக் கடந்து ஓசையின்றி நடக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு 80 வாய்ப்பு. தாராளமாகத்தான் தெரிகிறது. ஆளுக்கொரு முறை உருட்டச் சொன்னால் ஐவரும் தப்புவதற்கு வாய்ப்பு 33 மட்டுமே. முகாமின் நடுவில் இன்னொரு முறை உருட்டச் சொன்னால் 11 ஆகச் சுருங்கிவிடுகிறது. நடுவர் அறியாமலே அவர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு நோக்கத்துக்கு ஒரு முறை உருட்டியது நிலைமை மாறும்வரை நிலைக்கட்டும் என்று லூக் கிரேனின் 'பர்னிங் வீல்' விதித்திருப்பது இத்தகைய மறைமுக அநீதியைத் தடுக்கவே.

கடைசியாக, மறைப்பு அட்டையைப் பற்றிப் பேசியாக வேண்டும். பல நடுவர்கள் தம்முன் ஓர் அட்டையை நிறுத்தி, அதன் பின்னே பகடையை உருட்டுகின்றனர். ஓராண்டாகப் பேணி வளர்த்த பாத்திரத்தின்மீது அரக்கனின் வாள் இறங்குகிறது, பகடையில் 20. ஆட்டக்காரரின் முகத்தைப் பார்க்கிறார் நடுவர். '8, தவறிவிட்டது' என்று சொல்லிவிடுகிறார். கைகாக்ஸின் 1979-ஆம் ஆண்டு நடுவர் நூலே பகடையை மீறும் உரிமையை நடுவருக்கு வழங்குகிறது. இரக்கத்தால் செய்வதுதான், அதைக் கடிந்துகொள்ள மனம் வராது. ஆனால் அந்த இரக்கம் காலந்தாழ்ந்து வந்த இரக்கம். அப்பாத்திரம் சாகக்கூடாது என்று மனத்தில் முடிவு இருந்தால், வாள் இறங்குமுன் அரக்கனைப் பேச வைத்திருக்கலாம், சிறைபிடிக்கச் செய்திருக்கலாம். உருட்டிவிட்டு விடையை மறைப்பவர், அன்று முதல் ஒவ்வொரு வெற்றியையும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறார். ஒரு நாள் ஆட்டக்காரருக்கு உண்மை தெரிந்துவிட்டால், முன்பு கோட்டைவாசலில் உயிரைப் பணயம் வைத்து வென்றதும் நடுவர் இட்ட பிச்சைதானோ என்று அவர் எண்ணுவார். அந்த எண்ணத்தைத் துடைக்க எந்த விதியும் இல்லை.

ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் த டார்க்' (2017) இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அதில் நடுவர் பகடையைத் தொடுவதேயில்லை என்று சொல்லிவிடலாம். செயலுக்கு உருட்டுபவர் ஆட்டக்காரரே, அதுவும் எல்லாரும் காண. உருட்டுமுன் நடுவர் நிலைமையை அறிவிக்க வேண்டும்: கட்டுக்குள் இருக்கிறதா, ஆபத்தா, உயிர்ப்போராட்டமா, வென்றால் எவ்வளவு கிட்டும். 'கூரையிலிருந்து கூரைக்குத் தாவுகிறேன்' என்கிறார் ஒருவர். 'மழையில் ஓடுகள் வழுக்குகின்றன, கீழே கல்தரை, இது உயிர்ப்போராட்டம்' என்கிறார் நடுவர். அப்போது ஆட்டக்காரர் வேறு வழி யோசிக்கலாம். தோழர் ஒருவர் கயிறு கொடுத்து உதவலாம். அல்லது தெரிந்தே பகடைகளை அள்ளிக் குலுக்கலாம். அள்ளிய பகடைகளை ஒருவர் மெல்ல மேசையில் திரும்ப வைத்துவிட்டு, 'இல்லை, படிக்கட்டு வழியாகவே இறங்குகிறேன்' என்று சொல்வதும் உண்டு. நடுவர் தலையசைக்கிறார், ஆட்டம் படிக்கட்டை நோக்கி நகர்கிறது.